பெரிய கல்லா, சிறிய கல்லா?



ஈர்ப்பு விசைப் பாடத்தைத் தொடங்கும் நாளில் நான் எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். "பெரிய கல்லையும் சிறிய கல்லையும் ஒரே உயரத்திலிருந்து ஒன்றாக விட்டால், எது முதலில் தரையைத் தொடும்?" "பெரிய கல்தான், டீச்சர்!" என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் பதில் வரும். ஒருமுறை மட்டும் கடைசி வரிசையில் ஒரு மாணவி பேசாமல் இருந்தாள். காரணம் கேட்டேன். "இன்னும் போட்டுப் பார்க்கவில்லையே, டீச்சர்" என்றாள். வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், கனமான பொருளே விரைந்து விழும் என்று கருதினார். ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் பலரும் அதையே நம்பி வந்தனர். இத்தாலி நாட்டு அறிஞர் கலீலியோ (1564–1642) அந்த நம்பிக்கையைக் கேள்வி கேட்டார். பெரிய கல்லையும் சிறிய கல்லையும் கயிற்றால் கட்டிக் கீழே விடுவதாக எண்ணிப் பாருங்கள். சிறிய கல் மெதுவாக விழும் என்றால், அது பெரிய கல்லைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஆனால் இரண்டும் சேர்ந்தால் கனம் கூடுகிறதே! அப்படியானால் இன்னும் விரைவாக அல்லவா விழ வேண்டும்? ஒரே கூற்றிலிருந்து இரண்டு முரணான விடைகள் வருவதால், அந்தக் கூற்றே தவறு. கலீலியோ இதோடு நிற்காமல், சாய்வுப் பலகையில் உருண்டைகளை உருட்டி, காலத்தை அளந்தும் பார்த்தார்.

இதற்குக் காரணம் என்ன? பத்து மடங்கு நிறையுள்ள கல்லைப் பூமி பத்து மடங்கு விசையோடு இழுக்கிறது. ஆனால் அந்தக் கல்லை அசைப்பதும் பத்து மடங்கு கடினம். இரண்டும் ஈடாகிவிடுவதால் எல்லாப் பொருள்களின் வேகமும் ஒரே அளவில் கூடுகிறது. ஒவ்வொரு வினாடிக்கும் அந்த வேகம் வினாடிக்கு 9.8 மீட்டர் வீதம் மிகுகிறது. இதுவே புவி ஈர்ப்பு முடுக்கம்.

"காகிதம் மட்டும் மிதந்து மிதந்து விழுகிறதே?" என்பீர்கள். அது காற்றின் வேலை. ஒரு புத்தகத்தின் மேல், அதைவிடச் சிறிய காகிதத் துண்டை வைத்துப் புத்தகத்தைக் கீழே விடுங்கள். புத்தகம் காற்றை விலக்கிவிடுவதால் காகிதமும் கூடவே விழும். 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், அப்பல்லோ 15 விண்வெளி வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவில் நின்று, ஒரு சுத்தியலையும் ஒரு வல்லூறு இறகையும் ஒரே நேரத்தில் கைவிட்டார். இரண்டும் ஒன்றாகவே நிலவின் தரையைத் தொட்டன.

தேர்வில் பலர் மதிப்பெண் இழக்கும் இடம் ஒன்று உண்டு. அது நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாடு. நிறை என்பது பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு. அதன் அலகு கிலோகிராம். எடை என்பது அதன்மீது செயல்படும் ஈர்ப்பு விசை. அதன் அலகு நியூட்டன். 30 கிலோகிராம் நிறையுள்ள சிறுமியின் எடை பூமியில் 294 நியூட்டன். நிலவிலோ ஏறத்தாழ 49 நியூட்டன்தான். ஆறில் ஒரு பங்கு! ஆனால் அவளது நிறை அங்கும் 30 கிலோகிராமே. சுருள்வில் தராசு நிலவில் குறைத்துக் காட்டும். காய்கறிக் கடையின் இரட்டைத் தட்டுத் தராசோ அங்கும் சரியாகவே காட்டும். இரு தட்டுகளிலும் ஈர்ப்பு ஒரே அளவில் குறைகிறதல்லவா?

இன்னொரு தவறான எண்ணமும் உண்டு. விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பதைப் பார்த்து, அங்கே ஈர்ப்பு இல்லை என்று பலர் எழுதுகின்றனர். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்திலும், தரையில் உள்ள ஈர்ப்பில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் வீரர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்துகொண்டிருக்கின்றனர். பக்கவாட்டில் மிக விரைந்து செல்வதால் தரையில் மோதாமல் பூமியைச் சுற்றி வருகின்றனர். நிலவு பூமியைச் சுற்றுவதும் இவ்வாறே. கனியை விழச் செய்யும் விசையே நிலவையும் பிடித்து வைத்திருக்கிறது என்று 1687இல் வெளியான தம் நூலில் நியூட்டன் விளக்கினார்.

செல்வங்களே, விடுமுறையில் வீட்டு முற்றத்தில் நின்று இரண்டு கற்களை விட்டுப் பாருங்கள். தம்பி தங்கையரையும் அழைத்துக் காட்டுங்கள். புத்தகம் சொன்னாலும், ஆசிரியை சொன்னாலும், வகுப்பே ஒரே குரலில் சொன்னாலும், "இன்னும் போட்டுப் பார்க்கவில்லையே" என்று சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். அறிவியலில் முதல் பாடம் அதுதான்.