கோடையில் இராசபாளையம் நாய்ப் பராமரிப்பு

இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வட்டாரங்களில் மா அறுவடையும் அக்கினி நட்சத்திர வெயிலும் ஒன்றாகவே வருகின்றன. தோப்புக் காவலுக்கு நாய் மிகவும் தேவைப்படுவது இந்த நாட்களில்தான். வெப்பத்தால் நாய் மயங்கி விழுந்து இறக்க நேரிடுவதும் இந்த நாட்களில்தான்.

2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இனம் இது. இதன் குட்டையான வெள்ளை மயிர் வெயிலை ஓரளவு திருப்பி விடும். ஆயினும் தோலும் மூக்கும் இளஞ்சிவப்பானவை. அவற்றில் கருநிறமி குறைவு. எனவே மூக்கு, காது நுனி, அடிவயிறு ஆகியவை வெயிலில் எளிதில் வெந்து புண்ணாகும்.

நாய்க்கு மனிதரைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் அது உடற்சூட்டைத் தணித்துக் கொள்கிறது. கடிக்கும் நாய் என்று வெயில் நேரத்தில் வாயை இறுக்கிக் கட்டினால் அதன் உயிருக்கே ஆபத்து.

கவனிக்க வேண்டியவை

1. நிழல்: காலை நிழல் பிற்பகலில் இருப்பதில்லை. குறுகிய சங்கிலியில் கட்டிய நாய் நிழலோடு நகர முடியாது. நண்பகலில் இடம் மாற்றிக் கட்டவும். தகரக் கொட்டகையைவிடப் பனையோலை அல்லது தென்னங்கீற்றுக் கொட்டகை சிறந்தது. பக்கங்களைத் திறந்து விடவும்.

2. தண்ணீர்: 25 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளில் சுமார் ஒன்றரை லிட்டர் தேவை. கோடையில் இருமடங்கு வைக்கவும். மண் தொட்டியை நிழலில் பதித்தால் நீர் குளிர்ச்சியாக இருக்கும், கவிழவும் கவிழாது.

3. தீனியும் நடையும்: இரண்டையும் வெயில் ஏறுமுன்பும், பொழுது சாய்ந்த பின்பும் வைத்துக் கொள்ளவும். தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடு பொறுக்கவில்லையெனில் நாயை நடத்தாதீர்கள்.

ஆபத்தின் அறிகுறிகள்

நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். இது 106-ஐ நெருங்கினால் ஆபத்து. கடுமையான இளைப்பு, பிசுபிசுத்த எச்சில், சிவந்த ஈறு, வாந்தி, தள்ளாட்டம் ஆகியவை தோன்றும்.

முதலுதவி

உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுதும் கிணற்று நீரை ஊற்றி, விசிறவும். நினைவிருந்தால் சிறிது சிறிதாகக் குடிக்க விடலாம். மயங்கிய நாயின் வாயில் நீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஈரச்சாக்கைப் போர்த்தி விட்டால் உடற்சூடு வெளியேறாது. மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையும் கூடாது. சூடு 103-க்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்தவும்.

முதலில் குளிர்விப்பு, பிறகே பயணம். நாய் எழுந்து நடந்தாலும் சிறுநீரகம் பழுதாகியிருக்கலாம். ஆதலின் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.