மலைக்குகையில் ஓர் அடிமையின் பெயர்

கேள்வி: இலங்கைக்கு ரோமர் வந்ததாகப் படிக்கிறோம். வந்தவர் பெயர் ஏதும் கல்வெட்டில் இருக்கிறதா?
– வாசகர், கட்டுகஸ்தோட்டை, கண்டி

பதில்: வந்தவர் பெயர் இல்லை, அவருடைய எசமானின் பெயர் இருக்கிறது, அதுவும் எகிப்தில்! செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்த அன்னியஸ் ப்ளோகாமஸின் ஆள் ஒருவர், ரோமப் பேரரசர் குளோடியஸ் காலத்தில் (கி.பி. 41–54) காற்றில் அடிபட்டு இலங்கைக் கரை சேர்ந்தார் என்கிறார் ரோம எழுத்தாளர் பிளினி. ஆறு மாதத்தில் மொழி பழகினாராம். வெவ்வேறு தலை பொறித்த ரோம நாணயங்களும் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு இலங்கை அரசன் ரோமரின் நேர்மையை வியந்தானாம். பிறகு ராகியாஸ் என்பவரின் தலைமையில் நான்கு தூதர்கள் ரோமுக்குப் போனார்கள்.

வெறும் கப்பற்கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் நைல் கரையிலிருந்து பெரெனிகே துறைமுகத்துக்குப் போகும் பாலைவன வழியில், வாடி மெனிஹ் குகைப்பாறையில், 'பப்லியஸ் அன்னியஸ் ப்ளோகாமஸின் (அடிமை) லைசாஸ் வந்தேன்' என்ற பொருளில் கிரேக்கத்திலும் லத்தீனிலும் கீறியிருக்கிறது. ஆண்டு கி.பி. 6. இதை ஆய்வாளர் டேவிட் மெரிடித் 1953இல் வெளியிட்டார். அன்னியஸ் ரோமில் சாதாரணப் பெயர், ப்ளோகாமஸ் அபூர்வம். அதனால்தான் இவர் பிளினி சொல்லும் அதே ப்ளோகாமஸ், அல்லது அதே குடும்பம் என்று துணிகிறார்கள். லைசாஸே இலங்கைக்கு வந்தவர் என்று சிலர் சொல்வது எனக்கு அதிகப்படி. இடைவெளி முப்பத்தைந்து வருடமாவது வருகிறதே! பிளினிதான் காலத்தைக் குழப்பினார் என்பவர்களும் உண்டு.

எதிர்த்திசைக்கும் சான்று உண்டு: எகிப்தின் அதே செங்கடல் கரையில், குசெய்ர் அல்-காதிமில், தமிழ் பிராமியில் 'கணன்', 'சாதன்' என்று பெயர் எழுதிய பானை ஓடுகளும் கிடைத்திருக்கின்றன.