பெருநகரில் மாணவர் உறையுள்: லண்டன் விடுதிகளைத் தேரும் நெறிகள்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் ஆகிய மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதவை. கல்வியின் பொருட்டுக் கடல் கடந்து செல்லும் மாணவர், இவற்றுள் முதல் இரண்டைச் சென்ற இடத்தில் தேடிக்கொள்ளலாம். மூன்றாவதாகிய உறையுளையோ புறப்படும் முன்னரே, கண்ணால் காணாமலேயே, கையொப்பமிட்டு உறுதி செய்ய வேண்டியுள்ளது. அக்கையொப்பத்தின் பின்னே ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு நிற்கிறது. தந்தையின் ஓய்வூதியமும், தாயின் நகையும், உறவினர் தந்த கைம்மாற்றும் அதில் அடங்கியிருக்கக்கூடும். ஆதலின் விடுதியைத் தேர்வதும் பாடத்தைத் தேர்வதைப் போன்றே ஆய்ந்து செய்யவேண்டிய செயலாகும். நம் மாணவர் பலர் நாடும் லண்டன் மாநகரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தேர்வின் நெறிகளை ஈண்டுக் காண்போம்.

விடுதி என்னும் சொல்

'விடுதி' என்பது 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்த சொல். தங்கும் இடம் என்னும் பொருளோடு, விட்டு நீங்குதல் என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு. வழிப்போக்கன் தங்குகிறான், பொழுது விடிந்ததும் நீங்குகிறான். தங்கலும் நீங்கலும் ஒருசேர அமைந்ததே நம் முன்னோர் அறிந்த விடுதி. இன்றைய பெருநகர விடுதிகளில் தங்குவது எளிது. இடையில் நீங்குவதே அரிது. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால் பின்வரும் செய்திகள் தெளிவாக விளங்கும்.

வரலாற்றுக் குறிப்பு

லண்டனில் உறையுள் தேடிய சிக்கல் நம்மவர்க்குப் புதியதன்று. 1888ஆம் ஆண்டு சட்டம் பயிலச் சென்ற காந்தியடிகள், தொடக்கத்தில் ஓர் ஆங்கிலக் குடும்பத்தோடு தங்கினார். பின்னர்ச் செலவைச் சுருக்கக் கருதித் தனி அறைகளுக்கு மாறினார். அவ்வறைகளையும், தாம் செல்லவேண்டிய இடத்தை அரை மணி நேரத்தில் நடந்தே அடையக்கூடிய தொலைவில் அமையுமாறு தேர்ந்தார். வண்டிக்கூலி மிஞ்சியது, உடலும் நலம் பெற்றது. அதன் பின்னும் ஒரே அறைக்கு மாறி, சிற்றுண்டியைத் தாமே ஆக்கிக்கொண்டார் எனத் தம் தன்வரலாற்றில் அவர் குறிப்பிடுகிறார்.

1914ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் சென்ற கணிதமேதை இராமானுசன், உணவு நெறியில் உறுதியுடையவராய் இருந்தமையால் டிரினிடி கல்லூரி அறையில் தாமே சமைத்து உண்டார். சமையலுக்கான வசதி ஓர் ஆய்வாளரின் வாழ்வில் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இது சான்றாகும்.

சேலத்தில் பிறந்த கே.டி. பால் அவர்களின் முயற்சியால் 1920இல் லண்டனில் இந்திய ஒய்.எம்.சி.ஏ. மாணவர் விடுதி தோன்றியது. அயல்நாட்டிலிருந்து வரும் மாணவர்க்காக 1930இல் நிறுவப்பெற்ற 'லண்டன் ஹவுஸ்' இன்று குடினஃப் கல்லூரி என வழங்குகிறது. இவை அறநோக்கில் எழுந்தவை. இன்று லண்டனில் எழும் மாணவர் கட்டடங்களுட் பல, முதலீட்டு நிறுவனங்கள் வருவாய் கருதி எழுப்புவன. வருவாய் நோக்கு குற்றமன்று. எனினும் இரண்டும் ஒன்றே எனக் கருதி ஏமாறுதல் கூடாது.

மூவகை உறையுள்

லண்டனில் மாணவர் தங்குமிடங்களை மூவகையாகப் பகுக்கலாம். பல்கலைக்கழகமே நடத்தும் விடுதி முதல்வகை. மாணவர்க்கென்றே கட்டப்பெற்றுத் தனியார் நிறுவனத்தால் நடத்தப்பெறும் விடுதி இரண்டாம் வகை. பலர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் தனி வீடு மூன்றாம் வகை.

இரண்டாம் வகையில் இரு பிரிவுகள் உண்டு. தனிக் குளியலறையோடு கூடிய அறைகள் சில, ஒரு பொதுச் சமையலறையைச் சூழ அமைவது ஒன்று. சமையல் மேடையும் அறைக்குள்ளேயே அமைந்த 'ஸ்டூடியோ' மற்றொன்று. முன்னது வாடகையில் குறைந்தது, பின்னது கூடியது. ஹலால் உணவு உண்பவரும் சைவ உணவினரும் பொதுச் சமையலறையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தமக்கெனத் தனிப் பாத்திரங்களும், குளிர்பதனப் பெட்டியில் தனித் தட்டும் வைத்துக்கொண்டால் போதும். ஸ்டூடியோவின் தனிமை சிலர்க்கு அமைதி. வேறு சிலர்க்கோ பனிக்காலத்தில் பெருஞ்சுமை. ஒருவர் தம் இயல்பை அறிந்து தேர்தல் நன்று.

வாரக் கணக்கும் ஆண்டுக் கணக்கும்

இவ்விடுதிகள் வாடகையை வாரக் கணக்கில் அறிவிக்கின்றன. மாதக் கணக்கில் பழகிய நம்மவர் பலர் இங்கேயே இடறுகின்றனர். ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம்.

வாரம் 280 பவுண்டு வீதம் 42 வாரங்களுக்கு ஆகும் தொகை 11,760 பவுண்டு. வாரம் 250 பவுண்டு வீதம் 51 வாரங்களுக்கு ஆகும் தொகை 12,750 பவுண்டு. வார வாடகை குறைந்த விடுதியே முடிவில் 990 பவுண்டு மிகுதியாகப் பெறுகிறது. கோடை விடுமுறையில் தாயகம் திரும்பும் இளநிலை மாணவர்க்கு முன்னது ஏற்றது. செப்டம்பர் முதல் செப்டம்பர் வரை ஓராண்டு பயின்று ஆய்வேடு அளிக்கும் முதுநிலை மாணவர்க்குப் பின்னதே பொருந்தும். இவர் 42 வார விடுதியை எடுத்தால், ஆய்வேடு எழுதும் காலத்தில் வேறிடம் தேடி அலைய நேரும். ஆகவே வார வாடகையை மட்டும் ஒப்பிடாது, மொத்தத் தொகையையும் பாடத்தின் கால அளவையும் ஒருங்கே வைத்து எண்ணுதல் வேண்டும்.

லண்டனில் பயில நுழைவிசைவு கோருவோர் மாதத்திற்கு 1,529 பவுண்டு வீதம் ஒன்பது மாதங்களுக்கு 13,761 பவுண்டு கையிருப்புக் காட்ட வேண்டும் என்பது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி. மேற்கண்ட 42 வாரக் கணக்கில் வாடகை போக எஞ்சுவது 2,001 பவுண்டே. உணவும் போக்குவரத்தும் நூலும் குளிர் உடையும் இதற்குள் அடங்குமா என ஒவ்வொரு குடும்பமும் எண்ணிப் பார்க்கட்டும். விதி கேட்கும் தொகை வேறு. வாழ்க்கை கேட்கும் தொகை வேறு.

இத்தகைய விடுதிகளில் மின்சாரம், தண்ணீர், வெப்பமூட்டல், இணைய வசதி ஆகியவை பெரும்பாலும் வாடகையுள் அடங்கும். முழுநேர மாணவர் மட்டுமே வாழும் இல்லத்திற்கு உள்ளாட்சி வரியும் இல்லை. தனி வீட்டோடு ஒப்பிடும்போது இவற்றையும் கணக்கிற் சேர்த்தல் முறை.

ஒப்பந்தமும் நீங்கும் உரிமையும்

இக்கட்டுரையின் நடுநாயகமான பகுதி இதுவே. இங்கிலாந்தில் 2025 அக்டோபரில் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டம், தனியார் வாடகை வீடுகளில் கால வரையறை ஒப்பந்தங்களை நீக்குகிறது. இரு மாத அறிவிப்புத் தந்து வாடகைதாரர் வெளியேறலாம். இதன் நடைமுறை நாள் 2026 மே 1. ஆனால் அரசு ஏற்ற நெறிமுறையில் உறுப்பினராக உள்ள மாணவர் விடுதிகளுக்கு இதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. அவ்விடுதிகளில் முழுக்காலத்திற்கும் கையொப்பமிட்டவர் முழுக்காலத்திற்கும் வாடகை செலுத்தக் கடமைப்பட்டவர் ஆவார். பாடத்தை இடையில் விட்டாலும், அறை பிடிக்காமற் போனாலும், பொறுப்பு நீங்காது. மாற்று மாணவர் ஒருவர் கிடைத்து விடுதியும் ஏற்றுக்கொண்டாலன்றிப் பெரும்பாலும் வழியில்லை.

எனவே கையொப்பமிடும் முன்னர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். நுழைவிசைவு மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் நீங்குமா? பல்கலைக்கழக இடம் கிடைக்காவிடில் நீங்குமா? அவ்வாறு நீங்க எத்தனை நாளுக்குள் என்ன சான்று அனுப்ப வேண்டும்? 'நீங்கும்' என்னும் வாய்மொழி போதாது. ஒப்பந்த வாசகத்தில் அது இடம்பெற்றிருத்தல் வேண்டும்.

2019 சூன் முதல் நடைமுறையில் உள்ள வாடகைதாரர் கட்டணச் சட்டம், அறையைப் பிடித்துவைக்கும் முன்பணத்தை ஒரு வார வாடகைக்குள் வரையறுத்தது. காப்புத் தொகையை, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவாயின், ஐந்து வார வாடகைக்குள் வரையறுத்தது. இதற்கு மிகுதியாகக் கேட்பவரை ஐயுறுதல் தகும். தனிமனிதரின் வங்கிக் கணக்கிற்குப் பணம் அனுப்பச் சொல்லும் விளம்பரங்களை அறவே தவிர்த்தல் வேண்டும்.

பிணையாளர்

தவணையில் வாடகை செலுத்த விரும்பும் மாணவரிடம், பிரித்தானியாவில் வாழும் பிணையாளர் ஒருவரைப் பல விடுதிகள் கேட்கின்றன. அவ்வாறு ஒருவர் இல்லையெனில் ஆண்டு வாடகை முழுவதையும் முன்னரே செலுத்தும்படி கூறுவதும் உண்டு. இங்குப் பெரியோர்க்கு ஒன்று கூறுவோம். பிணையொப்பம் என்பது நற்சான்று அன்று. கடன் பொறுப்பு ஆகும். மாணவர் செலுத்தத் தவறினால் பிணையாளர் செலுத்தியே ஆகவேண்டும். லண்டனில் வாழும் உறவினரை, 'ஒரு கையொப்பம்தானே' எனக் கூறி இணங்கவைத்தல் முறையன்று. முழுத் தொகையையும் கூறி, அவர் மனம் ஒப்பிய பின்னரே கேட்டல் வேண்டும். உறவு முறிந்தபின் எந்தச் சட்டமும் அதனை ஒட்டவைக்காது. சில பல்கலைக்கழகங்கள் தாமே பிணை நிற்கும் திட்டம் வைத்துள்ளன. அதனை முதலில் வினவுதல் நன்று.

தொலைவும் பாதுகாப்பும்

லண்டன் போக்குவரத்து, நகர நடுவிலிருந்து வளையங்களாகப் பகுக்கப்பட்டுள்ளது. வளையம் கூடக் கூட வாடகை பொதுவாகக் குறையும். பயணச் செலவு ஏறும். 18 அகவை நிரம்பிய முழுநேர மாணவர்க்குரிய ஆய்ஸ்டர் அட்டை, வார மாதப் பயணச்சீட்டுகளில் 30 விழுக்காடு சலுகை தருகிறது. வாடகையோடு இப்பயணச் செலவையும் கூட்டியே இடங்களை ஒப்பிடுதல் வேண்டும். காந்தியடிகளின் அரை மணி நேர அளவுகோல் இன்றும் பயன்படும்.

பாதுகாப்பு என்றவுடன் நாம் திருட்டையே எண்ணுகிறோம். தீயையும் எண்ணுதல் வேண்டும். 2017 சூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் கோபுரத் தீயில் 72 பேர் உயிரிழந்தனர். 2019 நவம்பர் 15 அன்று போல்டன் நகரில் 'தி கியூப்' என்னும் மாணவர் விடுதியே தீப்பற்றியது. உயிரிழப்பு நேரவில்லை; எனினும் மாணவர் பலர் தம் உடைமைகளை இழந்தனர். ஆகவே வெளிச்சுவரின் பூச்சுத் தகடு ஆய்வு செய்யப்பட்டதா, எச்சரிக்கை மணி ஒழுங்காகச் சோதிக்கப்படுகிறதா, வெளியேறும் வழி எது, உடைமைக் காப்பீடு எத்தொகை வரை என எழுத்தில் வினவுதல் மாணவரின் உரிமை. அழகிய வரவேற்பறையும் உடற்பயிற்சிக் கூடமும் இவ்வினாக்களுக்கு விடையாகா.

தேர்வு வரிசை

மேற்கூறியவற்றைத் தொகுத்து ஒரு வரிசையாகத் தருகிறோம்.

1. முதலில் பல்கலைக்கழக விடுதி. அடுத்து, பல்கலைக்கழகத்தின் ஒதுக்கீடு பெற்ற தனியார் விடுதி. 2021இல் வெளியான லண்டன் திட்டம், புதிய மாணவர் கட்டடங்களில் குறைந்த வாடகை அறைகளும் பல்கலைக்கழக ஒதுக்கீடும் அமையுமாறு வகுத்தது. இவ்வறைகளைப் பல்கலைக்கழக அலுவலகம் வழியே கேட்டறிதல் வேண்டும்.
2. விடுதி, ஏ.என்.யு.கே. - யூனிபோல் தேசிய நெறிமுறை போன்ற ஏற்புப் பெற்ற நெறிமுறையில் உறுப்பினரா எனப் பார்த்தல். முறையீடு செய்ய அதுவே வாயில்.
3. மொத்தத் தொகை, கால அளவு, பயணச் செலவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதுதல்.
4. நீங்கும் வழி, பிணை, காப்புத் தொகை பற்றிய பகுதிகளை வீட்டுப் பெரியோர் ஒருவரோடு சேர்ந்து படித்தல்.
5. அங்குப் பயிலும் மூத்த மாணவர் ஒருவரிடம், சமையலறை, வெப்பமூட்டல், பழுது நீக்கும் விரைவு ஆகியன பற்றிக் கேட்டறிதல்.
6. குடியேறும் நாளிலேயே அறையின் நிலையைப் படம் எடுத்து வைத்தல்.

முடிவுரை

நல்ல விடுதி நல்ல மதிப்பெண்ணைத் தந்துவிடாது. ஆனால் பொருந்தா விடுதி, படிப்பிற்குரிய பொழுதை வேலைக்கும், உறக்கத்தைக் கவலைக்கும் ஈடாகக் கேட்கும். பத்துப் பக்க ஒப்பந்தத்தைப் படிக்க ஒரு மாலைப் பொழுது போதும்; அதனைப் படியாது விட்டதன் பயனை ஓராண்டு முழுதும் சுமக்க நேரும். நம் கல்லூரியிலிருந்து வெளிநாடு செல்லும் மாணவர், ஒப்பந்தத்தைத் தம் ஆசிரியரிடமும் ஒருமுறை காட்டிச் செல்லட்டும். சென்று பயின்றோர், அங்கு அறிந்தவற்றை எழுதி அடுத்த அணிக்கு அனுப்பட்டும். கண்டறியா நகரில் நம் பிள்ளைகள் அச்சமின்றி வாழ, இவ்விரு வழக்கமும் பெருந்துணையாகும்.