நீர்நிலையியல் அமுக்கத்தின் பிரயோகம்: வீட்டுக் கராஜுக்குக் கார் உயர்த்தி ஒன்றைத் தெரிவுசெய்தல்

(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம். அமுக்கம், விசையின் திருப்பம், வேலையும் வலுவும் ஆகிய அலகுகளுக்கான மீட்டற் பாடம்)

அறிமுகம்

மாணவர்களே, வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடற்கரைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மாடி வீடுகள் பெருகிவிட்டன. வீடுகளோடு கார்களும் பெருகின. ஆனால் அவற்றை நிறுத்துவதற்கான நிலம் பெருகவில்லை. 2018ஆம் ஆண்டு வெள்ளவத்தை ஸ்டேசன் வீதியில் தானியங்கி மாடி வாகனத் தரிப்பிடம் ஒன்று திறக்கப்பட்டது. நிலத்தில் இடம் இல்லாதபோது காரை மேலே தூக்கி நிறுத்தலாம் என்பதே அத்தகைய தரிப்பிடங்களின் அடிப்படை.

இதே எண்ணத்துடன் சிலர் தமது வீட்டுக் கராஜிலும் கார் உயர்த்தி ஒன்றைப் பொருத்த விரும்புவர். ஒரு காரின் மேல் இன்னொரு காரை நிறுத்துவது சிலரது நோக்கம். காரின் அடியில் நின்று ஒயில் மாற்றுவது, பிரேக் திருத்துவது வேறு சிலரது நோக்கம். எந்த நோக்கமாயினும், உயர்த்தி வாங்குபவர் இரண்டு வினாக்களுக்கு விடை காண வேண்டும்.

1. இவ்வுயர்த்தி எனது காரைத் தூக்குமா?
2. தூக்கிய காரை எது தாங்கி நிற்கிறது?

முதலாம் வினாவுக்குப் பஸ்காலின் தத்துவம் விடை தரும். அடியில் நிற்கும் மனிதரின் உயிர் இரண்டாம் வினாவிலேயே தங்கியுள்ளது. இவ்விரு வினாக்களையும் இப்பாடத்தில் கணிப்புகளுடன் ஆராய்வோம்.

1. பஸ்காலின் தத்துவம்

மூடிய பாத்திரமொன்றில் ஓய்விலுள்ள திரவத்தின் ஓரிடத்தில் பிரயோகிக்கப்படும் அமுக்கம், திரவத்தின் எல்லாப் பகுதிகளுக்கும் குறைவின்றி ஊடுகடத்தப்படும். இது பிரான்ஸ் நாட்டு அறிஞர் பிளேஸ் பஸ்கால் (1623–1662) என்பவரின் பெயரால் வழங்குகிறது. திரவங்களின் சமநிலை பற்றிய அவரது நூல், அவர் இறந்த பின்னர் 1663இல் வெளியானது. இத்தத்துவத்தைக் கொண்டு 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிராமா நீரியல் அழுத்திக்குக் காப்புரிமை பெற்றார். 1925இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்பவர் கார்களுக்கான நீரியல் உயர்த்தியை உருவாக்கினார். சலூனில் ஏறி இறங்கும் கதிரையைப் பார்த்தே அவருக்கு அந்த எண்ணம் தோன்றியது என்று கூறுவர்.

நினைவில் வைக்க:
அமுக்கம் = விசை ÷ பரப்பளவு
விசை = அமுக்கம் × பரப்பளவு

உதாரணம் 1: கை ஜக் ஒன்றின் சிறிய முசலத்தின் பரப்பளவு 2 சதுர சென்ரிமீற்றர், பெரிய முசலத்தின் பரப்பளவு 40 சதுர சென்ரிமீற்றர். சிறிய முசலத்தின் மீது 300 நியூற்றன் விசை பிரயோகிக்கப்படுகிறது.

சிறிய முசலத்தின் பரப்பளவு = 0.0002 சதுர மீற்றர்
திரவத்தின் அமுக்கம் = 300 ÷ 0.0002 = 1,500,000 பஸ்கால்
பெரிய முசலத்தின் பரப்பளவு = 0.004 சதுர மீற்றர்
பெரிய முசலத்தின் மீதான விசை = 1,500,000 × 0.004 = 6000 நியூற்றன்

விசை 20 மடங்காகியது. ஆயின் சக்தி பெருகியதா? இல்லை. சிறிய முசலம் 20 சென்ரிமீற்றர் கீழிறங்கும்போது பெரிய முசலம் 1 சென்ரிமீற்றரே உயரும். செய்த வேலை 300 × 0.2 = 60 யூல்; பெற்ற வேலை 6000 × 0.01 = 60 யூல். (உராய்வு புறக்கணிக்கப்பட்டுள்ளது.) ஜக் பிடியைப் பலமுறை அடிக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

2. ஒரே சுமை, இரு அமுக்கங்கள்

கார் ஒன்றின் திணிவு 1200 கிலோகிராம், அதனுடன் உயரும் மேடையின் திணிவு 400 கிலோகிராம் எனக் கொள்வோம். புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என எடுத்தால் மொத்த நிறை 16,000 நியூற்றன் ஆகும்.

பழைய சேர்விஸ் ஸ்டேசன்களில் நிலத்துக்குள்ளிருந்து எழும் தடித்த ஒற்றைத் தண்டை நீங்கள் கண்டிருப்பீர்கள். அதன் பரப்பளவு 0.04 சதுர மீற்றர் எனின், தேவையான அமுக்கம் 16,000 ÷ 0.04 = 400,000 பஸ்கால். இது வளிமண்டல அமுக்கத்தின் ஏறத்தாழ 4 மடங்கு மாத்திரமே. எனவே டயருக்குக் காற்று நிரப்பும் அமுக்கிப் பொறியிலிருந்து வரும் வளியைக் கொண்டே ஒயிலைத் தள்ளி இத்தண்டை உயர்த்தலாம்.

நிலத்துக்கு மேல் பொருத்தும் புதிய உயர்த்திகளின் உருளை மெல்லியது. அதன் பரப்பளவு 0.002 சதுர மீற்றர் எனின், அதே சுமைக்குத் தேவையான அமுக்கம் 16,000 ÷ 0.002 = 8,000,000 பஸ்கால், அதாவது 20 மடங்கு அதிகம். அதனால் மின்மோட்டரால் இயங்கும் ஒயில் பம்பியும், உயர் அமுக்கத்தைத் தாங்கும் குழாய்களும் அவசியமாகின்றன.

3. உயர்த்தியின் வகைகள்

(அ) நிலத்தடி ஒற்றைத் தண்டு உயர்த்தி: ஆழமான குழி வேண்டும். நிலத்தடி நீர் உயர்வாக உள்ள இடத்தில் குழிக்குள் நீர் ஊறும், உலோகம் துருப்பிடிக்கும். வீட்டுக்குப் பொருத்தமற்றது.

(ஆ) இரட்டைத் தூண் உயர்த்தி: நான்கு கைகள் காரின் அடிச்சட்டத்தைத் தாங்கும். சில்லுகள் தொங்குவதால் சில்லு, பிரேக் வேலைகளுக்கு வசதியானது. தூண்கள் கொங்கிறீற்றுத் தரையில் உறுதியாகப் பூட்டப்பட வேண்டும்.

(இ) நான்கு தூண் உயர்த்தி: கார் தன் சில்லுகளிலேயே இரு தட்டுகளின் மீது நிற்கும். கார் மேல் கார் நிறுத்துவதற்கு ஏற்றது. சில்லைக் கழற்ற வேறொரு ஜக் தேவைப்படும்.

(ஈ) கத்தரிக்கோல் உயர்த்தி: மடங்கிக் கிடக்கும், சிறிய இடம் போதும். ஆனால் வீட்டுக்கான மாதிரிகள் பல அதிக உயரத்துக்கு எழுவதில்லை. காரின் நடுப்பகுதியையும் மறைத்துவிடும்.

4. தெரிவுசெய்யும் ஒழுங்கு

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக் கராஜை எடுத்துக்கொள்வோம். கூரைத் தட்டின் உயரம் 3 மீற்றர். காரின் உயரம் 1.5 மீற்றர்.

முதலாம் படி – உயரம்: கார் மேல் கார் நிறுத்த வேண்டுமெனின், கீழ்க் கார் 1.5, மேடையின் தடிப்பு 0.15, மேல் கார் 1.5, மொத்தம் 3.15 மீற்றர். இடைவெளி விடுவதற்கு முன்பே 3 மீற்றரைத் தாண்டிவிட்டது. எனவே இக்கராஜில் அது முடியாது. திருத்த வேலைக்கு மாத்திரம் எனின், தட்டுக்குக் கீழே 0.1 மீற்றர் விட்டு, காரை 1.4 மீற்றர் உயர்த்தலாம். பணம் கட்டிய பின்னர் இதைக் கண்டுபிடிப்பதிலும், முதலிலேயே நாடாவால் அளந்துவிடுவது நன்று.

இரண்டாம் படி – சுமை: உயர்த்தியில் குறிக்கப்பட்ட சுமையளவு மட்டும் போதாது. இரட்டைத் தூண் உயர்த்தியில் அச்சுமை நான்கு கைகளுக்கும் சமமாகப் பகிரப்படும் எனக் கருதப்படுகிறது. 2000 கிலோகிராம் உயர்த்தியில் ஒரு கைக்கு 5000 நியூற்றன் ஆகும். 2000 கிலோகிராம் வான் ஒன்றின் நிறையில் 60 சதவீதம் முன்பக்கம் எனின், முன்சில்லுகளுக்கு அருகே தாங்கும் இரு கைகளும் 12,000 நியூற்றனைச் சுமக்கும். ஒரு கைக்கு 6000 நியூற்றன். மொத்தச் சுமை எல்லைக்குள் இருந்தும் முன்கைகள் எல்லையைத் தாண்டிவிட்டன. ஆகவே வாகனத்தின் திணிவிலும் போதியளவு கூடிய சுமையளவுடைய உயர்த்தியையே தெரிவுசெய்ய வேண்டும்.

மூன்றாம் படி – புவியீர்ப்பு மையம்: 12,000 நியூற்றன் நிறையுள்ள காரின் முன்சில்லுகளில் 7200, பின்சில்லுகளில் 4800 நியூற்றன் தாங்கப்படுகின்றன. இரு அச்சுகளுக்கும் இடைத்தூரம் 2.5 மீற்றர். முன் அச்சைப் பற்றித் திருப்பம் எடுத்தால்:

12,000 × தூரம் = 4800 × 2.5
தூரம் = 1 மீற்றர்

புவியீர்ப்பு மையம் நடுவில் (1.25 மீற்றரில்) இல்லை; முன் அச்சிலிருந்து 1 மீற்றரில் உள்ளது. காரின் நடுப்புள்ளி தூண்களுக்கு நேரே வருமாறு நிறுத்தினால், 12,000 × 0.25 = 3000 நியூற்றன் மீற்றர் திருப்பம் முன்பக்கமாகச் செயற்படும். இத்திருப்பத்தை எதிர்த்து நிற்பவை தூணின் அடித்தட்டும், அதைத் தரையுடன் பிணைக்கும் போல்ட்டுகளுமே. மேலும், உயர்த்தி நிற்கும் காரிலிருந்து எஞ்சினையோ கியர்ப்பெட்டியையோ கழற்றினால் புவியீர்ப்பு மையம் இடம்மாறும். கார் சரிந்து விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணமாகும்.

நான்காம் படி – தரை: நான்கு தூண் உயர்த்தியில் 16,000 நியூற்றன் சுமை, ஒவ்வொன்றும் 20 சென்ரிமீற்றர் பக்கமுள்ள நான்கு சதுர அடித்தட்டுகளில் பரவுகிறது எனின், அமுக்கம் 4000 ÷ 0.04 = 100,000 பஸ்கால். (தூண்களின் நிறை புறக்கணிக்கப்பட்டுள்ளது.) கார் டயர் ஒன்று தரையில் ஏற்படுத்தும் அமுக்கம் ஏறத்தாழ 200,000 பஸ்கால். ஆகவே இங்கு தரை நசிவது பெரிய பிரச்சினை அன்று. இரட்டைத் தூண் உயர்த்தியிலோ, மேலே கண்ட திருப்பம் போல்ட்டுகளைத் தரையிலிருந்து பிடுங்க முயலும். அதனால்தான் பல உற்பத்தியாளர்கள் குறைந்தது 10 சென்ரிமீற்றர் தடிப்புள்ள நல்ல கொங்கிறீற்றைக் கேட்கின்றனர். கூடிய சுமைக்கு இதைவிடத் தடிப்பு வேண்டும். சீமெந்து பூசிய தரையும், கல் பதித்த முற்றமும் இதற்கு உதவா. மாடி வீடுகளில் கராஜின் தரை, கீழ்த்தளத்தின் கூரையாகவும் இருக்கலாம். அங்கே கட்டடப் பொறியியலாளரின் அனுமதியின்றி எதையும் பொருத்தக் கூடாது.

ஐந்தாம் படி – பொறிமுறைப் பூட்டு: குழாய் வெடித்தாலோ, முசலத்தின் இறப்பர் வளையம் கசிந்தாலோ ஒயில் வெளியேறும், அமுக்கம் குறையும், கார் இறங்கும். ஆகையால் நல்ல உயர்த்திகளில் தூண் நெடுகிலும் உருக்குப் பற்கள் இருக்கும். கார் உயர்ந்ததும், அதைச் சற்றுக் கீழிறக்கிப் பூட்டின் மீது அமரச் செய்ய வேண்டும். அதன்பின் சுமையைத் தாங்குவது உருக்கு, ஒயில் அன்று. இப்பூட்டு இல்லாத உயர்த்தி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். கை ஜக்கில் இத்தகைய பூட்டு இல்லை. எனவே ஜக்கில் மட்டும் நிற்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையக் கூடாது. அடித்தாங்கிகள் வைத்த பின்னரே வேலை செய்ய வேண்டும்.

ஆறாம் படி – துரு: வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கடலை அண்டியவை. உப்புக் காற்று இரும்பு துருப்பிடித்தலை விரைவாக்கும். நான்கு தூண் உயர்த்தியின் மேடையைப் பொதுவாக இழுப்பவை உருக்குக் கம்பிவடங்கள். அவற்றின் உட்புறத் துரு கண்ணுக்குத் தெரியாது. நாகம் பூசிய பாகங்களைத் தெரிவுசெய்வதும், வடங்களைக் குறித்த காலத்தில் பரிசோதித்து மாற்றுவதும் அவசியம். இலங்கையில் தொழிற்சாலைகளின் உயர்த்தும் பொறிகள் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. வீட்டுக் கராஜைப் பார்க்கப் பரிசோதகர் வரமாட்டார். அங்கே பொறுப்பு முழுவதும் வீட்டுக்காரருடையது.

5. பரீட்சையில் நேரும் வழுக்கள்

* சதுர சென்ரிமீற்றரைச் சதுர மீற்றராக மாற்ற 100ஆல் வகுத்தல். 10,000ஆல் வகுக்க வேண்டும்.
* "திரவம் விசையை ஊடுகடத்தும்" என எழுதுதல். ஊடுகடத்தப்படுவது அமுக்கமாகும்.
* "நீரியல் உயர்த்தி வேலையை மீதப்படுத்தும்" என எழுதுதல். விசையே குறைகிறது, வேலை குறைவதில்லை.
* திணிவையும் நிறையையும் மாறி எழுதுதல்.

6. பயிற்சி வினாக்கள்

1. நீரியல் உயர்த்தியில் வளிக்குப் பதிலாக ஒயில் முசலங்களுக்கிடையே பயன்படுத்தப்படுவது ஏன்?

2. உயர்த்தி ஒன்று 16,000 நியூற்றன் சுமையை 40 செக்கனில் 1.4 மீற்றர் உயர்த்துகிறது.
(அ) செய்யப்பட்ட வேலை யாது?
(ஆ) வலு யாது?
(இ) மோட்டர் பெறும் மின்வலு 1120 வாற்று எனின், வினைத்திறன் யாது?

3. உயர்த்தியின் ஒயில் குழாய் வெடித்தும் கார் கீழே விழவில்லை. காரணம் கூறுக.

4. உமது மாமா, "ஜக் இரண்டு தொன் தாங்கும், கார் ஒரு தொன்தான்" என்று கூறிக் காரின் அடியில் நுழையப் பார்க்கிறார். அவரைத் தடுக்க நீர் கூறும் விஞ்ஞான விளக்கம் யாது?

விடைகள்

1. திரவங்கள் எளிதில் நெருக்கப்படமாட்டா. வளி நெருங்குவதால், முசலத்தின் அசைவில் ஒரு பகுதி வளியை நெருக்குவதிலேயே கழியும். சுமையும் உறுதியாக நில்லாது.

2. (அ) 16,000 × 1.4 = 22,400 யூல். (ஆ) 22,400 ÷ 40 = 560 வாற்று. (இ) 560 ÷ 1120 × 100 = 50 சதவீதம்.

3. கார் பொறிமுறைப் பூட்டின் மீது அமர்ந்திருந்தது. அதன் நிறையைத் தாங்கியது உருக்குப் பற்களே.

4. இரண்டு தொன் என்பது ஒயில் கசியாதவரை ஜக் தூக்கக்கூடிய சுமையாகும். கசிவு ஏற்பட்டால் அமுக்கம் குறைந்து, முசலத்தின் மீதான மேல்நோக்கிய விசை காரின் நிறையிலும் குறைந்துவிடும், கார் இறங்கும். ஜக்கின் அடிப்பரப்பு சிறியதாகையால், கார் சற்று உருண்டாலும் சரியும். எனவே முதலில் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, அடித்தாங்கிகளின் மீது காரை இறக்க வேண்டும். அதன் பின்னரே அடியில் செல்லலாம்.