கள்ளும் கடைத்தெருவும்: காம்பார் முதல் ஈப்போ வரை ஒரு பண்பாட்டுப் பயணம்

பிரான்சு நாட்டின் போர்தோவுக்குச் செல்லும் பயணிகள் ஆற்றங்கரைப் பழைய நகரத்தோடு, அதனை அடுத்துள்ள திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்தே பார்க்கின்றனர். செயின்ட் எமிலியன் திராட்சை வட்டாரத்தை 1999இலும் போர்தோ நகரை 2007இலும் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. தோட்டத்தின் ஒயின் நகரத்தின் வழியே கப்பலேறியது. எனவே ஒன்றை விட்டு மற்றொன்றை அறிய முடியாது.

இதே கண்கொண்டு நம் வட்டாரத்தைப் பார்ப்போமா?

தோட்டம்

காம்பாரிலிருந்து வடக்கே கோப்பேங் சென்று, பத்து காஜா சாலையில் திரும்பினால் கெல்லி மாளிகை தெரியும். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் (1870–1926) ரப்பர்த் தோட்ட முதலாளி. 1915இல் தொடங்கிய மாளிகை முற்றுப்பெறுமுன் அவர் லிஸ்பனில் இறந்தார்.

பயணிகள் மாளிகையைப் படம் பிடித்துத் திரும்பிவிடுகின்றனர். அருகிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் செல்வோர் சிலரே. கொள்ளைநோயில் தொழிலாளர் பலர் மாண்டதால், மற்றவர்கள் கேட்டுக்கொண்டபடி கெல்லி ஸ்மித் இக்கோயிலைக் கட்டிக் கொடுத்தார் என்பது வழிவழி வரும் செய்தி. கோயிலின் மேல், தெய்வ உருவங்களுக்கிடையே, வெள்ளையுடை அணிந்த துரையின் சிலையும் நிற்கிறது. மாண்ட தொழிலாளர்களுக்கோ சிலை இல்லை.

கள்

திராட்சைத் தோட்டத்துக்கு ஒயின் போல, ரப்பர்த் தோட்டத்துக்கும் ஒரு பானம் இருந்தது. அதுதான் தென்னங்கள். பாளையைச் சீவி இறக்கும்போது இனிக்கும் சாறு, சில மணி நேரத்தில் தானே நுரைத்துப் போதையேறும்; மறுநாளே புளித்துவிடும். ஒயினை ஆண்டுக்கணக்கில் பாதுகாத்து அயல்நாட்டுக்கு விற்கலாம். கள்ளை இறக்கிய இடத்திலேயே குடித்தாக வேண்டும். ஆகவே ஒயின் தன் ஊருக்குச் செல்வம் சேர்த்தது. கள்ளோ தோட்டத்துக் கூலியைத் தோட்டத்திலேயே கரைத்தது.

அன்று பல தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்தியது. கடையை மூடினால் தொழிலாளர் சம்சு குடித்துக் கெடுவர் என்பது அதனை ஆதரித்தோரின் வாதம். தொழிலாளர்களே இதற்கு விடை கூறினர். 1947இல் கெடா மாநிலத்தின் பீடோங் வட்டாரத்தில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். காவல் துறையுடன் மோதல் மூண்டு உயிர்ப்பலியும் நேர்ந்தது. தோட்டத் தமிழன் குடித்தே அழிந்தான் என்று எளிதாகக் கூறுவோர் இவ்வரலாற்றையும் அறிய வேண்டும்.

நகரம்

அடுத்து ஈப்போ. கிந்தா ஆறு நகரத்தைப் பழைய நகரம், புதிய நகரம் எனப் பிரிக்கிறது. பழைய நகரத்தில் ஹப்பக் வடிவமைத்த இரயில் நிலையம் 1917இல் கட்டி முடிக்கப்பட்டது. ஈயத்தால் வளர்ந்த இந்நகரம் ரப்பரின் விலையேற்றத்தையும் வீழ்ச்சியையும் கண்டது. லகாட் சாலையில் புடவைக் கடைகளும் பூமாலைகளும் நிறைந்த ‘லிட்டில் இந்தியா’ இருக்கிறது. புந்தோங்கில், எட்டயபுரம் பகுதியிலிருந்து வந்தோரின் வழியினர் கச்சான் பூத்தே வறுத்து விற்கின்றனர்.

தோட்டத் துண்டாடல் தொழிலாளரை வீடிழக்கச் செய்தபோது, துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும் பால்மரம் செம்பனைக்கு இடம்விட, லயங்கள் வெறிச்சோடின. தோட்டத்து மக்கள் நகர்ப்புறங்களில் குடியேறினர். ஆகவே இப்பயணத்தின் இரு முனைகளிலும் நாம் காண்பது ஒரே மக்களைத்தான்.

நாம் செய்யக்கூடியது

மாளிகை நிற்கும், இரயில் நிலையமும் நிற்கும். லயமும் பெரட்டுக்களமும் ஆயக்கொட்டகையும் முதியோர் நினைவில் மட்டுமே நிற்கின்றன. மாணவர்களே, இவ்விடுமுறையில் உங்கள் பாட்டி தாத்தாவிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நம்பர் லயத்தில் இருந்தீர்கள்?
2. சம்பள நாளன்று வீட்டுக்கு வந்தது எவ்வளவு, கள்ளுக்கடைக்குப் போனது எவ்வளவு?
3. தோட்டத்தை விட்டு வெளியேறிய நாளில் எதைக் கையோடு எடுத்து வந்தீர்கள்?

விடைகளை அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வையுங்கள். கேட்பதற்கு இன்னும் காலம் இருக்கிறது; அது நீண்ட காலம் அன்று.