ஒரே ஐபி எண்ணுக்கு இரண்டு கருவிகள் சண்டையிட்டால்…

பிரிண்டர் திடீரென ஆஃப்லைன் என்கிறது. சற்று நேரத்தில் தானே சரியாகிறது. பக்கத்து மேசையில் இணையம் வந்து வந்து போகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால், இணைய நிறுவனத்துக்குப் போன் போடும் முன் ஐபி முகவரி மோதலைச் சந்தேகியுங்கள்.

ரூட்டரை அணைத்துப் போடுவதுதான் பல அலுவலகங்களில் முதல் வைத்தியம். இது வேண்டாம். எந்தக் கருவிக்கு எந்த எண் கொடுத்தோம் என்பதைச் சில ரூட்டர்கள் அணைந்ததும் மறந்துவிடும். மறுபடி உயிர் வந்ததும், புழக்கத்தில் உள்ள எண்ணையே இன்னொன்றுக்குத் தூக்கிக் கொடுக்கும். அதோடு, கையில் இருந்த தடயமும் போய்விடும்.

மோதிய கருவி விண்டோஸ் கணினி என்றால் வேலை சுலபம். ஈவன்ட் வியூவரில், சிஸ்டம் பகுதியில், 4199 என்ற எண்ணுள்ள பதிவைத் தேடுங்கள். மோதிய ஐபி எண்ணோடு எதிராளியின் மேக் முகவரியும், அதாவது அந்தக் கருவியின் வன்பொருள் எண்ணும், அதில் இருக்கும்.

பிரிண்டர் என்றால் இப்படிச் செய்யுங்கள். அதன் எண் 192.168.1.50 என்று வைத்துக்கொள்வோம். பிரிண்டரை அணையுங்கள். வேறொரு கணினியில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, 'ஏஆர்பி -டி *' கொடுத்துப் பழைய நினைவை அழியுங்கள். பிறகு அந்த எண்ணுக்குப் பிங் செய்யுங்கள். பதில் வந்தால், அங்கே வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். பதில் வராவிட்டாலும் விட்டுவிடாதீர்கள். ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். 'ஏஆர்பி -ஏ' கொடுத்தால் எதிராளியின் மேக் முகவரி பட்டியலில் சிக்கும்.

அந்த முகவரியின் முதல் ஆறு இலக்கங்கள் பொதுவாகத் தயாரிப்பாளரைக் காட்டிக்கொடுக்கும். சிசிடிவி பெட்டியா, பில்லிங் மெஷினா என்று ஊகிக்க இது போதும். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ என்பவற்றில் ஒன்றாக இருந்தால் தயாரிப்பாளரைத் தேடிப் பயனில்லை. அது பெரும்பாலும் தன் மேக் முகவரியை மாற்றிக்கொள்ளும் செல்போன்தான்.

மூல காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். ரூட்டர் தானாக வழங்கும் எண் வரிசைக்குள்ளேயே யாரோ ஒரு கருவிக்குக் கையால் நிலையான எண் போட்டிருப்பார்கள். ரூட்டரின் டிஹெச்சிபி வரிசையை 100 முதல் 199 வரை என்று சுருக்கி, நிலையான எண்களை 100-க்குக் கீழே வையுங்கள். ஒரு கருவிக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்கும்படி ரூட்டரிலேயே ரிசர்வேஷன் போடுவது இதைவிட நல்லது. எல்லாக் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கும்.

வைஃபை எட்டவில்லை என்று யாராவது வீட்டு ரூட்டரைக் கொண்டுவந்து செருகியிருந்தால் கதை வேறு. இப்போது எண் கொடுக்க இரண்டு பேர். இரண்டு கணினிகளில் 'ஐபிகான்ஃபிக் /ஆல்' கொடுத்து, டிஹெச்சிபி சர்வர் வரியை ஒப்பிடுங்கள். வேறுபட்டால், புதிதாக வந்த ரூட்டரைக் கழற்றுங்கள்.

பெரிய நிறுவனத்தில் வேலை என்றால் எதையும் நீங்களே மாற்றாதீர்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் ஐடி பிரிவுக்கு எழுதாமல், நேரம், ஐபி எண், மேக் முகவரி மூன்றையும் அனுப்புங்கள். சிறு அலுவலகம் என்றால், கேமரா மாட்ட வரும் டெக்னீஷியன் கிளம்பும் முன் என்ன எண் போட்டார் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.