நேர்காணலுக்கு ஒரு பாடவேளை

பள்ளிக்கரணையில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். ஐந்தாண்டுச் சட்டப்படிப்பில் சேர்ந்த என் முன்னாள் மாணவி ஒருத்தி சென்ற மே மாதம் பார்க்க வந்தாள். கல்லூரி வளாகத்தில் கோடைக்காலப் பயிற்சிக்கு நேர்காணல் நடந்ததாம். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் வாயடைத்துப் போனாளாம். "எழுதச் சொல்லியிருந்தால் எழுதியிருப்பேன், ஐயா" என்றாள். எழுத மட்டுமே கற்றுக்கொடுத்தவன் நான்தானே!

இந்திய பார் கவுன்சிலின் 2008 விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கட்டாயம். ஓர் ஆண்டில் தொடர்ந்து 4 வாரத்துக்குமேல் கூடாது. எனவே ஆண்டுதோறும் இடம் தேடவேண்டும். வழக்கறிஞர் உறவு இல்லாத முதல் தலைமுறைப் பிள்ளைக்கு நேர்காணலே வாசல்.

பள்ளி திறந்ததும் வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினேன். மூவர் கேட்க, ஒருவர் பதில் சொல்லவேண்டும். வினா: "2022இல் ராம்சார் தகுதி பெற்ற நம் சதுப்புநிலத்தில் குப்பை கொட்டினால் என்ன செய்வீர்கள்?"

முதல் வாரம் பலர் தலைகுனிந்தனர். மூன்றாம் வாரம் கடைசி வரிசை மாணவன் எழுந்தான்: "படம் எடுப்பேன். தேதி, இடம் குறிப்பேன். மாநகராட்சியில் மனு கொடுப்பேன். அதற்குமேல் தெரியாது, கேட்டு வந்து சொல்கிறேன்."

"தெரியாது" என்றதற்கும் சேர்த்தே மதிப்பெண் போட்டேன். உங்கள் வகுப்பிலும் செய்து பாருங்கள்.